வலம் வந்து படித்த மலாய்

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கி நின்றார்.

கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்தவர். தோளில் ஒரு பை. பைக்குள் மகனுடைய பௌதிகப் புத்தகம். மகன் வரவில்லை... புத்தகம் மட்டும் வந்திருக்கிறது. நவக்கிரக மண்டபத்துத் தூணில் தொங்கும் பலகையைக் காட்டினார்.

'நவக்கிரகம் சுற்றும்போது பாடப் புத்தகங்களைக் கொண்டு வர வேண்டாம் — நிர்வாகம்.'

"யாரோ ஒருத்தரு இங்க சுத்திச் சுத்தியே டாக்டருக்குப் படிச்சிட்டாராமே அக்கா. எங்க பக்கமெல்லாம் அதே பேச்சுதான். அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாமலா? காலையில்தான் அந்த டாக்டருக்கு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதைச் சொல்லவில்லை. "பையன அனுப்பி வைங்கம்மா. புத்தகத்துக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் இந்தப் பேச்சு காப்பார், பந்திங் என்று பரவிக்கொண்டே போகிறது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அடுத்த மாதம் என் வீட்டுக்காரர் மந்திரியாகிவிடுவார். அதனால் நடந்ததை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் அரசாங்க இலாகா ஒன்றின் ஸ்டோரில் வேலை செய்கிறார். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். நானும் அப்படித்தான், ஆறாம் வகுப்போடு சரி. அவர் பேசும் மலாய் இருக்கிறதே... பாசாரில் மீன் விற்கிற மலாய்க்காரர்களே எந்தக் கம்பம், எந்தக் கிராமம் என்று அவரைக் கேட்பார்கள். ஆனால் அதே மலாயை எழுத்தில் காட்டுங்கள், ஆள் காலி. முதல் வரியில் கண் சொக்கும். இரண்டாவது வரியில் தாடை தொங்கும். மூன்றாவது வரிக்கு அவர் போனதே கிடையாது.

ஸ்டோர் ஆட்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடம் இவருக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் மலாயில் ஒரு வாசிப்புத் தாளும் ஒரு கட்டுரையும் எழுதிப் பாஸ் பண்ணியாக வேண்டும். முதல் தடவை பரீட்சை மண்டபத்தில் தூங்கிவிட்டார். இரண்டாவது தடவை, தூக்கம் வராமலிருக்க இமையில் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு போனார். தூக்கம் வரவில்லை. கேள்வித்தாளும் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணீர் விட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

இனி ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் மண்டோர் வேலை வேறொருவருக்கு, இவருக்குத் தூரத்துக் கிளந்தானில் இருக்கும் கிளை ஸ்டோருக்கு மாற்றல். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கல்யாணமாகி வந்த நாளாய் நான் விளக்கேற்றிய வீடு. சாமி படங்களை எந்த லோரியில் எப்படி ஏற்றுவது என்று அப்போதே மனசுக்குள் அடுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கான கூட்டம். டை கட்டிய இளம் ஆசிரியர் ஒருவர் சுவரில் வெளிச்சப் படம் காட்டிப் பேசினார். நான் சாப்பாடு பரிமாறப் போனேன். என்னவர் நாற்காலி அடுக்கப் போனார்.

ஒவ்வொருவருக்கும் படிப்பு மண்டைக்குள் போக ஒரு வழி இருக்கிறதாம். சிலருக்குக் கண் வழியாக. சிலருக்குக் காது வழியாக. சிலருக்குக் கை காலை ஆட்டினால்தான் போகுமாம். சொல்லிக்கொண்டே வந்தவர், பின்னால் நின்ற என்னவரைப் பார்த்து, ஒரு தடவை போன வீட்டுக்கு மறுபடியும் எப்படி அடையாளம் கண்டு போவீர்கள் என்று கேட்டார்.

"கால் போகும் தம்பி. நான் கூடப் போவேன்" என்றார் இவர்.

மண்டபமே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை.

"அங்கிள், நீங்க உடம்பால படிக்கிற ஆளு. ஒங்கள உக்கார வச்சதுதான் தப்பு."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோர்ட்டில் விடுதலையான மாதிரி. இத்தனை வருஷமாக மண்டு, மண்டு என்று தன்னைத் தானே நினைத்துக்கொண்டிருந்த மனிதர். குற்றம் மண்டையில் இல்லை, நாற்காலியில்தான் என்று ஒருவர் மைக்கில் சொல்லிவிட்டார்!

அன்றைக்கே நடந்து படிக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டு ஹால் எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாக்கியம் முடிவதற்குள் தையல் மெஷின் வந்துவிடும். இடித்துக்கொண்டு திரும்பினால் அடுத்த வாக்கியத்தில் மீன்தொட்டி. இது சரிப்படாது என்று தெருவுக்குப் போனார். தெருவில் புத்தகத்தைப் பார்ப்பாரா, காலடியைப் பார்ப்பாரா? பாடம் நடுவில் இருக்கும்போதே லோங்காங்கில் இறங்கிவிட்டார். எங்கள் தெருச் சாக்கடை ஆழம் அதிகம். இடுப்பு வரைக்கும் போய்விட்டது. புத்தகத்தை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தண்ணீரில் நின்றபடியே அந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் கையைக் கொடுத்தார் என்று தூக்கிவிட்டவர்கள் சொன்னார்கள்.

ஒரு மனுஷன் மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்தாலும், 'என்னய்யா ஆச்சு உனக்கு?' என்று யாருமே கேட்காத இடம் எது? யோசித்துப் பாருங்கள்...

நவக்கிரக மண்டபம்! நிழல் உண்டு. வழவழப்பான தரை. லோங்காங் கிடையாது. வேலை முடிந்து வந்ததும் குளித்து, விபூதி பூசி, புத்தகத்தோடு கிளம்பிவிடுவார். கும்பிட்டபடியே ஒரு சுற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பத்தி.

நம்ப மாட்டீர்கள், ஏற ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டோடு எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டே, டுரியான் தோட்டக்காரர் ஒருவரின் கதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னார். பாடப் புத்தகத்தில் உள்ள கதை. அவரே வாசித்த கதை. நான் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. தைலம் தடவாமலே.

இங்கேதான் வந்தது வம்பு. அதைக் கொண்டு வந்தது நான்தான்.

நவக்கிரகம் சுற்றும் முறை உங்களுக்குத் தெரியும். வலமாக ஏழு. முடித்துவிட்டு, ராகு கேதுவுக்காக இடமாக இரண்டு. எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். இவர் படிப்பு மும்முரத்தில் வலமாகவே சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. இவருக்கு நடப்பதோ ராகு திசை. பரீட்சை வரும் நேரம் பார்த்து ராகுவையா விட்டுவிடுவது? நாளையிலிருந்து கடைசி இரண்டு சுற்றும் ஒழுங்காக இடமாக வந்தாக வேண்டும் என்று கண்டித்துச் சொன்னேன். சரியென்று போனார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சரசு, எல்லாம் போச்சு."

"என்னங்க போச்சு?"

"படிச்சதெல்லாம். வலமா ஏறுனது எடமா எறங்கிருச்சு."

சோதித்துப் பார்த்தோம். டுரியான் தோட்டக்காரர் யார் என்று கேட்டேன். "டுரியானா?" என்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. ராகுவை விட்டால் ஆபத்து என்கிறேன் நான். ராகுவைப் பிடித்தால் மலாய் போகிறது என்கிறார் அவர். கல்வியா, கிரகமா? திருகாணியைக் கழற்றுகிற மாதிரி சுற்றினால் மண்டையில் எப்படி நிற்கும் என்று கேட்டார். சாமியைத் திருகாணி என்று சொன்னதற்கு நான் அவருக்கு இரண்டு நாள் மோர் கொடுக்கவில்லை.

கடைசியில் குருக்களிடம் போய் நின்றோம். எங்கள் கோயில் குருக்கள் பொறுமைசாலி. இருவரும் ஒரே நேரத்தில் பேசியதை முழுக்கக் கேட்டார். தீபாராதனைத் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"எடமா வந்தா எறங்கறதுங்கறேள். அப்ப நல்லதுதானே? எறங்க வேண்டியத எறக்குங்கோ. பாடத்த அம்மா கையில குடுத்துட்டு, எது மனசுல இருக்கக் கூடாதோ அத நெனச்சுண்டு சுத்துங்கோ."

அவ்வளவுதான். ராகுவும் தப்பித்தார், டுரியான் தோட்டக்காரரும் தப்பித்தார்.

அன்றிலிருந்து வலம் வரும்போது புத்தகம் இவர் கையில், இடம் வரும்போது என் மடியில். அந்த இரண்டு சுற்றிலும் எதை நினைத்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் சொன்னார்: "போன ரெண்டு பரீட்சையும்தான். வெளிய வந்தப்ப ஒரு கிளார்க் என்னப் பாத்துச் சிரிச்சான் லா, அதையும் சேத்துத்தான்."

அவன் சிரித்தது எனக்கு அதுவரை தெரியாது. மோர் கொடுக்காமல் விட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மற்றவர்கள் பார்க்கிற வரைக்கும். ஓர் ஆள் தினமும் புத்தகத்தோடு சுற்றுகிறார், கூடவே மனைவி மடியில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நம்ம சனங்கள் என்ன நினைப்பார்கள்? பரிகாரம்! அடுத்த வெள்ளிக்கிழமையே ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் இன்ஷூரன்ஸ் பரீட்சை எழுதுகிறவர் ஒருவர், கார் லைசன்ஸுக்குச் சட்டம் படிக்கிற ஓர் ஆன்டி. டைப்ரைட்டிங் படிக்கும் பெண் ஒருத்தி வெறும் காற்றில் விரலால் அடித்துக்கொண்டே சுற்றினாள். எந்தப் பாடத்துக்கு எந்தக் கிரகத்தின் பக்கம் திரும்ப வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். கணக்குக்குப் புதன்தானே அக்கா என்றது ஒரு பெண். நான் என்னத்தைக் கண்டேன்? ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாக. கண் எல்லாருக்கும் புத்தகத்தில். பிறகு என்ன நடக்கும்? இன்ஷூரன்ஸும் கார் லைசன்ஸும் நேருக்கு நேர் மோதின. கார் லைசன்ஸ் ஆன்டிதான் வழி விட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள், பாவம், அந்தப் பாடத்துக்கு அவர் இன்னும் வரவில்லை. இரண்டு மூக்குக் கண்ணாடி போனது. அதே களேபரத்தில் சனி பகவானின் எள் விளக்கு ஒரு பூகோளப் புத்தகத்தில் பட்டு, அணைப்பதற்குள் ஆஸ்திரேலியா முழுக்க எரிந்துவிட்டது.

மறுநாள் நிர்வாகம் பலகையை மாட்டியது. எப்படிக் குறை சொல்வது?

ஆனால் பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இவர் பலகையின் கீழே நின்று அதை வாசித்தார். வாசித்துவிட்டு, இனி நான் எங்கே போவேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவரை எழுப்பினேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையையே சுற்றுங்கள் என்றேன். நடுவில் நம் வீட்டுச் சாமி மேடை இருக்கிறது, அதைத்தானே வலம் வருகிறோம்? நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். சாக்கடை வரும் இடத்தில் மட்டும் "லோங்காங்" என்பேன். இவர் வாசிப்பை விடாமல் தாண்டுவார். நாலாம் வீட்டு நாயும் கூடவே வந்து அதுவும் தாண்டும். சாமி மேடையைச் சுற்றியபோது பக்கத்து வீட்டு லிம் குடும்பத்தையும் சேர்த்தே வலம் வந்துவிட்டோம், வேறு வழியில்லை. அந்த வாரம் அவர்களுக்கு லாட்டரியில் நம்பர் அடித்தது. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று மிஸ்டர் லிம் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்.

பரீட்சை நாள். நான் வீட்டில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் கேட்டேன். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

உட்கார வைத்தார்கள். தாளைக் கொடுத்தார்கள். இவருக்குக் கண் சொக்க ஆரம்பித்தது. கையைத் தூக்கினார். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட வயதான மலாய் அதிகாரி. துவான் ஹாஜி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். நடந்துகொண்டே எழுதலாமா என்று இவர் கேட்டிருக்கிறார்.

துவான் ஹாஜி விதிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாராம். பேசக் கூடாது, பார்த்து எழுதக் கூடாது, வெளியே போகக் கூடாது. உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசையைத் தனியாக இழுத்துப் போட்டார். யார் தாளையும் எட்டிப் பார்க்காமலிருக்கத் தானும் கூடவே நடப்பேன் என்றார். சொல்லிவிட்டு மேசையை இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார்.

இவர் நின்றுவிட்டார். அந்தப் பக்கமாகப் போனால் எனக்கு மறந்துவிடும் துவான் ஹாஜி என்றார்.

"மெக்காவுல நாங்க இந்தப் பக்கமாத்தான் சுத்துறோம். நான் எதையும் மறக்கலயே?"

"ஒங்களுக்கு அது சரிதான். என் ஜாதகத்துல ஒரு பாம்பு படுத்திருக்கு."

ராகுவை மலாயில் வேறு எப்படிச் சொல்வது? துவான் ஹாஜி தொப்பியைச் சரி செய்துகொண்டாராம். பாம்பு விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

முடிவாக, இவர் வலமாகச் சுற்றினார், துவான் ஹாஜி இடமாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நேருக்கு நேர் சந்தித்து, இருவரும் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டார்கள். ஒரு சுற்று, நின்று ஒரு வாக்கியம். ஒரு சுற்று, ஒரு வாக்கியம். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சீன இளைஞர் எழுந்து, தானும் நடக்கலாமா என்று கேட்டார்.

"உன்கிட்ட பாம்பு இருக்கா?" என்றார் துவான் ஹாஜி.

"இல்லை."

"உட்கார்."

நேரம் முடிந்து மணி அடித்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. தாளை வாங்கிக்கொண்ட துவான் ஹாஜி, மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லி வெகு நாளாகிறது, இன்றைக்குத்தான் நடந்திருக்கிறேன் என்று இவர் தோளைத் தட்டிக் கொடுத்தாராம்.

பிறகு வந்தது காத்திருப்பு. சாமி படங்களுக்குப் பழைய சேலைகளைத் தனியாக எடுத்து வைத்தேன், கிளந்தான் போனால் சுற்றிக் கட்ட. எடுத்து வைத்ததை அவருக்குக் காட்டவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம், வராத நேரத்தில் வந்தார். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்னைச் சுற்றி ஒரு வலம் வந்தார். வந்து முன்னால் நின்று, "பாஸ்" என்றார்.

அழுதேனா, சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டியை வலம் வருவதா, பாவமில்லையா? பதறிப்போய் அரிசிச் சட்டியோடு அவரை ஒரு சுற்று சுற்றி வந்து சரிக்கட்டினேன். கழுநீர் முழுக்கத் தரையில். அந்த ஈரத்திலேயே சாமி மேடை முன்னால் இருவரும் விழுந்து கும்பிட்டோம். சேலைகளை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் அதற்குப் பிறகு என் மனசை அரிக்கிறது. 'ஒரு எடத்துல ஒக்காந்து படி' — இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்போம்? காலை ஆட்டாதே, எழுந்திருக்காதே, அங்கே என்ன பார்வை... உட்கார்ந்து உட்கார்ந்து மண்டு என்று பெயர் வாங்கியவர்கள் எத்தனை பேரோ? அவரவருக்கு ஆண்டவன் ஒரு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறான். நாம்தான் எல்லாரையும் ஒரே வாசலில் பிடித்துத் தள்ளுகிறோம்.

இவர் இப்போது பெரிய மண்டோர். தினமும் மலாயில் ரிப்போர்ட் எழுதுகிறார். பதவி உயர்வுக்கு அடையாளமாக மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் அவருடைய சாப்பாட்டுக் கேரியர் உட்கார்ந்திருக்கிறது.